பூட்டி வைத்த தொட்டில் அறை

கடைத்தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எதிரே வந்தால் சாக்ஸக்காவின் கண் அவர்கள் முகத்துக்குப் போகாது. நேரே காலுக்குத்தான் போகும். முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைச் சாக்ஸில் கறுப்புப் புள்ளி ஏதாவது குதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. கண் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததே வெள்ளைச் சாக்ஸால்தான். தெள்ளுப்பூச்சி இருக்கிறது என்று யார் கூப்பிட்டாலும், மருந்து டப்பாவைத் திறக்கும் முன் செருப்பைக் கழற்றி வெள்ளைச் சாக்ஸை முழங்கால் வரை மாட்டிக்கொள்வார். பிறகு ஒவ்வொரு அறையிலும் இரண்டு நிமிஷம், கோயில் யானை மாதிரி மெல்ல நடப்பார். ஆள் வந்திருக்கிறது என்று பூச்சி துள்ளி ஏறும். வெள்ளையில் கறுப்பு தப்பாது. வாசலில் நின்று எண்ணி, நோட்டில் எழுதி, சாக்ஸை அப்படியே சோப்புத் தண்ணீரில் அமுக்குவார். அந்த வீட்டுக் குழந்தைகள் பின்னாலேயே நடந்து வந்து, "இன்னும் ஒண்ணு, சாக்ஸக்கா! அதோ, முட்டிக்குக் கீழ!" என்று கத்தும்.

ஆசைப்பட்டு வந்த வேலை அல்ல. பூச்சி ஒழிக்கும் கம்பெனியில் டெலிபோன் எடுக்கத்தான் முதலில் சேர்ந்தார். "மருந்தடிச்சுட்டுப் போனாங்க, ஒரு வாரத்துல மறுபடி வந்துடுச்சு" என்று நாளெல்லாம் காது நிறைய வசவு. மருந்தடித்த ஆண்களைக் கேட்டால், "சாகலேன்னா இன்னொரு தடவை அடிக்கணும், அவ்வளவுதானே" என்பார்கள். ஏன் சாகவில்லை என்று கேட்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. சாக்ஸக்காவுக்கு அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துத் தாள்களைப் படித்தார். நூலகத்தில் பூச்சிகளைப் பற்றிய தடித்த புத்தகத்தை மூன்று மாதம் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். ஒரு நாள், கைக்குழந்தையோடு தனியாக இருந்த ஒரு பெண், ஆண்களை உள்ளே விடமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட, டெலிபோனை வைத்துவிட்டு இவர் போனார். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது புருஷனின் கைகள்தான். லேத் பட்டறையில் வேலை செய்த மனுஷன். கையெல்லாம் கிரீஸ். ஆனால் மனைவியின் வெள்ளைச் சாக்ஸை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. நகத்து இடுக்கு வரை தேய்த்துக் கழுவிய பிறகு, சாக்ஸை நீலம் போட்டு அலசி, ஜோடி ஜோடியாகக் கொடியில் மாட்டுவார். "ஊருல எல்லாப் பொண்டாட்டியும் புடவை கேக்குறா. என் பொண்டாட்டி சாக்ஸ் கேக்குறா. நான் குடுத்து வச்சவன்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

ஒரு பஸ் டிரைவர் வீட்டுக் கதை அந்த வருஷங்களில்தான் நடந்தது. சாக்ஸக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கம்பெனியில் மேற்பார்வையாளர் நாற்காலி காலியாகப் போகிறது, அது இவருக்குத்தான் என்று பேச்சு. கம்பெனி தொடங்கிய பதினெட்டு வருஷத்தில் அந்த நாற்காலிப் பக்கம் ஒரு பெண்ணையும் யாரும் விட்டதில்லை.

அது நாலு வீடுகள் ஒரே படிக்கட்டைப் பார்த்தபடி இருந்த கட்டிடம். மாடியில் அந்த டிரைவர், தையல் வேலை செய்யும் அவர் மனைவி. அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. கணுக்காலைச் சுற்றி வரிசை வரிசையாகக் கடி. குனிந்து சொறியவும் வயிறு விடாது. பிரசவத்துக்கு உதவி செய்ய டிரைவரின் அக்கா, அதாவது அந்தப் பெண்ணின் நாத்தனார், வந்து இறங்கியிருந்தார். கதவைத் திறந்ததும் அவர்தான் பேசினார்.

"மருந்தை அடிச்சுட்டுப் போங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு எங்களுக்கே தெரியும்."

"எங்கேருந்து?"

நாத்தனார் மோவாயைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பினார். அங்கே ஈரக் கையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பாத்திரம் கழுவிச் சுத்தம் செய்ய வருபவள். காற்றாக வந்து காற்றாக முடித்துவிட்டுப் போவதால் கட்டிடம் முழுக்க அவளுக்கு மின்னல் என்று பெயர். தையல்காரப் பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

"வீட்டுல நாய் வளர்க்குறாளாம். குடிக்கக் கூழ் இருக்கோ இல்லியோ, நாய் இருக்கு" என்றார் நாத்தனார்.

மின்னல் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் கணுக்காலைக் காட்டினாள். ஒரு கடி இல்லை.

சாக்ஸக்கா சாக்ஸை மாட்டினார். நடந்தார். சமையல்கட்டில் ஒன்றும் இல்லை. குளியலறையில் ஒன்றும் இல்லை. படுக்கையறையில் பதினொன்று. ஹாலில், ஜன்னலுக்குக் கீழே முப்பத்தெட்டு.

"இந்தப் பொண்ணு எங்க வேலை செய்யுறா?"

"சமையல்கட்டு, பாத்ரூம்."

"ஹாலு?"

"ஹாலை அவகிட்ட விடுறதில்ல. நான்தான் பெருக்குறேன்."

"அப்படின்னா இந்த முப்பத்தெட்டும் உங்க ஆளுங்கம்மா" என்றார் சாக்ஸக்கா. டிரைவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

கீழ் வீட்டில் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. முன்பு குடியிருந்தவர்கள் இரண்டு பூனை வளர்த்தார்கள். ஜன்னலடி வெயிலில்தான் அவை படுத்துக்கிடக்கும். அவர்கள் போன பிறகு வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது.

சாக்ஸக்கா ஹால் நடுவே நின்று விளக்கினார். "முட்டை பூனை மேலேருந்து தரையில விழும். புழுவாகும், கூடு கட்டும். கூட்டுக்குள்ள இருக்கறதை எந்த மருந்தும் தொடாது. அது பாட்டுக்கு மாசக்கணக்குல உள்ளயே காத்துக்கிடக்கும். ஆள் நடக்குற அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக் காத்து, இதெல்லாம் வந்தாத்தான் உடைச்சுகிட்டு வரும். நீங்க குடிவந்த அன்னிக்கு, சாப்பாடு வந்தாச்சுன்னு கிளம்பியிருக்கு. இதுல அந்தப் பொண்ணோட நாய் எங்க வந்துச்சு?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹாலுக்கு அடுத்து ஒரு வெள்ளைக் கதவு. கதவிடுக்கில் காகிதம் மடித்துச் செருகி, பூட்டும் போட்டிருந்தது.

"அது தொட்டில் ரூம்" என்றாள் தையல்காரப் பெண். முகம் பூரித்துவிட்டது. "குடிவந்த வாரமே வண்ணம் அடிச்சு, நானே பூட்டிட்டேன். குழந்தை வர்ற வரைக்கும் ஒரு தூசி உள்ள போகக்கூடாது. இவரைக்கூட எட்டிப் பாக்க விடல."

"யாரும் போறதில்லையா?"

"ஒருத்தரும் இல்ல."

சாக்ஸக்கா நோட்டில் எழுதினார்: 'பூட்டிய அறை. ஆள் நடமாட்டம் இல்லை. பார்க்கத் தேவையில்லை.'

ஐந்து நிமிஷம் முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கூடு காத்துக்கிடக்கும் என்று வாய் வலிக்கச் சொன்ன அதே மனுஷிதான் அதை எழுதினார். அந்தப் பெண்ணின் பூரித்த முகம் கண்ணை மறைத்ததா, மாடி ஏறிய களைப்பா, என்ன கண்றாவியோ. எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

மற்றபடி அந்த வீட்டை அவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் கொசுவுக்கு அடிக்கும் டப்பா நாலு கிடந்தது. டிரைவர் தினம் ஒரு மூச்சு அடித்துவிட்டு டூட்டிக்குப் போவாராம்.

"பொறக்கப்போற பிள்ளைக்கு நல்லது செய்யுறேன்னு புள்ளத்தாச்சியை மூச்சு முட்ட வச்சிருக்கீங்களே சார்! பூச்சி ஒண்ணு செத்துச்சா?"

"இல்ல."

"உங்க மனைவி இருமுறாங்களா?"

"ஆமா."

"அப்போ மருந்து யார் மேல வேலை செய்யுது?"

டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டார். படுக்கை விரிப்பு, திரை எல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். தினமும் தூசி உறிஞ்சும் வாக்குவம் போட வேண்டும், அதன் பையை வெளியே கொண்டுபோய்க் கட்டிப் போட வேண்டும். மருந்தடிக்கும் நாளில் தையல்காரப் பெண் காலையிலேயே அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும்; தரை காய்ந்து, ஜன்னலெல்லாம் திறந்து வீடு காற்றாடிய பிறகு மறுநாள் வந்தால் போதும். மருந்தும் தரையோரங்களில் மட்டும், அளந்து. குழந்தைத் துணி வைத்த பெட்டியை அவர் தன் கையாலேயே வெளியே தூக்கி வைத்தார். "ரெண்டு வாரத்துக்குப் புதுசு புதுசா வந்துகிட்டேதான் இருக்கும். மருந்து வேலை செய்யலேன்னு பயந்து நீங்களா எதையும் அடிக்கக்கூடாது. கூடு உடைஞ்சு வர்றது நல்லது. வந்தாத்தான் சாகும்" என்று மூன்று தடவை சொன்னார்.

சொன்னபடியே நடந்தது. ஒரு வாரத்தில் முப்பத்தெட்டு இருபத்தொன்றானது. பிறகு ஆறு. மூன்றாவது வாரம் எங்கே நடந்தாலும் ஒன்றும் இல்லை. டிரைவர் தன் பழைய கால்பந்து சாக்ஸை மாட்டிக்கொண்டு தினமும் தானே நடந்து பார்த்து, பஸ் டிப்போவிலிருந்து போன் செய்வார்: "அக்கா, இன்னிக்கும் சைபர்!" சொல்லும்போது பின்னால் கண்டக்டர்கள் சிரிப்பது கேட்கும்.

மின்னலை மட்டும், "பூச்சி போற வரைக்கும் வராதே" என்று நாத்தனார் நிறுத்தி வைத்திருந்தார். சாக்ஸக்கா சொன்ன விளக்கமெல்லாம் அந்தக் காதில் ஏறவே இல்லை.

மூன்று வாரம் முன்னதாகவே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. எடை குறைவு, பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். வீட்டைக் கழுவித் துடைக்க மின்னலைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் வந்த அன்று காலையில்தான், தொட்டிலைப் பொருத்த டிரைவர் அந்த வெள்ளைக் கதவைத் திறந்தார்.

உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் அலறிக்கொண்டு வெளியே வந்தார். முழங்கால் வரை கறுப்பு.

நாத்தனார் படிக்கட்டில் இறங்கி நின்று கத்தியதை நாலு வீடும் கேட்டது. "மூணு வாரம் இவ வரல, ஒரு பூச்சி இல்ல! இன்னிக்கு வந்தா, இன்னிக்கே வந்துடுச்சு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பச்சைக் குழந்தை வர்ற வீடு!"

சாக்ஸக்கா போய்ச் சேர்ந்தபோது மின்னல் படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அழவில்லை.

"இந்தக் கட்டிடத்துல எனக்கு நாலு வீடுக்கா. மத்த மூணு வீட்டுலயும் இப்பவே கேட்டாச்சு, 'உன் நாய்க்குப் பூச்சியாமே'ன்னு. நாளைக்கு ஒரு கதவும் திறக்காது. நீங்க படிச்சவங்க. சொல்லுங்க, நான் கொண்டு வந்தேனா?"

சாக்ஸக்கா உள்ளே போய்த் தொட்டில் அறையில் ஒரு நிமிஷம்தான் நடந்தார். எண்பதுக்கு மேல் எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. பூனைகள் அந்த அறையிலும் படுத்திருக்கின்றன. வண்ணம் அடித்த பிறகு ஒரு காலடி படாமல் பொத்திப் பொத்தி வைத்ததில், அன்றைக்கு எழாத கூடெல்லாம் அப்படியே காத்திருந்திருக்கிறது. அன்றைக்கே கதவைத் திறக்கச் சொல்லியிருந்தால் இத்தனையும் ஹாலோடு சேர்ந்து ஒழிந்திருக்கும். நோட்டில் தன் கையெழுத்து அவரைப் பார்த்து நின்றது.

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். "நாளைக்கு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். படியில் மின்னலைத் தாண்டும்போது தலையை நிமிர்த்த முடியவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தப் பன்னிரண்டு படிகளை நினைத்தால் அவருக்கு உடம்பு கூசும்.

கம்பெனியில் முதலாளிக்குச் செய்தி முன்பே போயிருந்தது. "'வெளியாள் மூலமா மறுபடி வந்தது'ன்னு ரிப்போர்ட்ல எழுதிடும்மா. யார் பேரும் போட வேணாம். நாம ஒரு அறையை விட்டுட்டோம்னு எழுதினா, எந்த மூஞ்சியை வச்சுகிட்டு உன்னை மேற்பார்வைக்குப் போடுறது?"

யார் பேரும் போட வேண்டாம்! பேர் போடாமலே ஒருத்தி வயிற்றில் அடிக்கலாம் என்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு. வெளியாள் என்று எழுதினால் நாலு வீட்டுக்கும் ஒரே முகம்தான் தெரியும் என்பது முதலாளிக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

சாயங்காலம் கொடியடியில் புருஷனிடம் சொன்னார். அவர் சாக்ஸைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?"

"நாற்காலி போகும். எலி பிடிக்கிற பிரிவுக்குத் தள்ளிடுவான்."

"சொல்லலேன்னா?"

"அந்தப் பொண்ணுக்கு நாலு வீடும் போகும்."

அவர் சாக்ஸை உதறினார். "எலிக்குச் சாக்ஸ் வேணாம்ல? எனக்கும் துவைக்கிற வேலை மிச்சம்."

சாக்ஸக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குள் போகவில்லை. நாலு கதவையும் தட்டிவிட்டு, நாத்தனார் நின்ற அதே படியில் வந்து நின்றார். மின்னலையும் வரச்சொல்லியிருந்தார்.

"நேத்து இங்க நின்னு பேசினதை எல்லாரும் கேட்டிருக்கீங்க. இதையும் கேளுங்க. அந்தப் பூச்சி யாரும் கொண்டு வந்ததில்ல. பழைய பூனைங்களோடது. பூட்டின ரூமுக்குள்ளயே கிடந்திருக்கு. அதைத் திறந்து பாக்க வேண்டியது என் வேலை. நான் பாக்கல. தப்பு என்னோடது. இந்தப் பொண்ணு வந்த நாளும் கதவைத் திறந்த நாளும் ஒண்ணா இருந்துச்சு, அவ்வளவுதான். அவ வந்ததால பூச்சி வந்துச்சுன்னா, அன்னிக்குப் பால் பாக்கெட்டும்தான் வந்துச்சு. பால்காரரைக் கேட்டீங்களா?"

கீழ் வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்தார். நாத்தனார், "நேத்தே சொல்றதுக்கு என்ன?" என்றார். நியாயமான கேள்வி. "பயந்துட்டேன்மா" என்றார் சாக்ஸக்கா.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினார்: 'பூட்டிய அறையை நான் சோதிக்காமல் விட்டேன். எந்த ஆள் மூலமும் வரவில்லை.' கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை மின்னல் கையில் கொடுத்தார். அவள் அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று வீட்டு வாசலிலும் ஏறி, ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் படிக்க வைத்துவிட்டுத்தான் அந்தந்த வீட்டுக்குள் வேலைக்குப் போனாள்; டிரைவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

பிறகு குழந்தை வீட்டுக்கு வரும் வரை நடந்த நாட்களைத்தான் சாக்ஸக்கா இன்றைக்கும் ஆசையாகச் சொல்வார். குழந்தை படுக்கப்போகும் அறையில் மருந்து அடிக்கப்போவதில்லை என்று தீர்மானம். மிச்சமிருந்த ஒரே வழி, கூடுகளை எழுப்பி, வந்தவற்றை உறிஞ்சி எடுப்பது. அதற்கு ஆள் நடக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம், வெள்ளைச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு டிரைவரும் நாத்தனாரும் சாக்ஸக்காவும் அந்தக் காலி அறையில் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பின்னாலேயே வாக்குவம் ஓடும்.

"பெரியக்கா, நல்லா மிதி. பூச்சி தூங்கிடப்போவுது."

"போடா, சின்ன வயசுல உன்னைத் தூங்க வைக்க இப்படித்தான் நடந்தேன். இப்ப பூச்சியை எழுப்ப நடக்க வச்சுட்டே."

நாத்தனாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் ஒரு வேளை தவறவில்லை. மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறியபோது அவர் மட்டும்தான் பயப்படவில்லை. "வந்தாத்தான் சாகும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று சாக்ஸக்காவுக்கே பாடம் நடத்தினார். பிறகு நாற்பது, இருபத்தைந்து, ஒன்பது. தையல்காரப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போனில் இரண்டு கேள்விதான் கேட்பாள்: "ரூம்ல எத்தனை?", "மின்னல் வந்தாளா?" முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும்.

கடைசி மூன்று நாளும் சைபர். பிறந்த பதினைந்தாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. சாக்ஸக்கா அதற்குள் எலிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாயிற்று. அன்றைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, கடைசியாக ஒரு தடவை அந்த அறையில் நடந்துவிட்டுத்தான் தொட்டிலில் விரிப்புப் போட விட்டார்.

கதவு தட்டும் சத்தம். மின்னல் நின்றிருந்தாள். வேலைக்கு வரும் கசங்கிய புடவை இல்லை, நல்ல புடவை.

"உள்ள வா" என்றார் நாத்தனார்.

"காலைப் பாத்துக்குறீங்களா?"

நாத்தனாருக்கு முகம் சிவந்தது. கதவை அகலத் திறந்தார். "வேணாம். நான் பேசினது தப்பு. வா" என்றார். குரல் எழும்பவே இல்லை. ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"நாளையிலேருந்து வேலைக்கு வர்றியா? ஹாலும் சேத்து நீயே பாத்துக்கோ" என்றார் டிரைவர், எல்லாம் சரியாகிவிட்டது என்ற உற்சாகத்தில்.

"இல்ல சார். மத்த மூணு வீடும் இருக்கு, போதும். பிள்ளையைப் பாக்கணும்னு தோணும்போது வருவேன். வேலைக்கு வரமாட்டேன்."

டிரைவரின் உற்சாகம் வடிந்தது. சாக்ஸக்காவுக்கு மட்டும் நெஞ்சு நிமிர்ந்தது. பழையதைச் சொல்லிக்காட்டவில்லை; யாரும் தட்டில் வைத்துக் கொடுக்காத மரியாதையை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

தையல்காரப் பெண் படுக்கையிலிருந்து மெல்ல எழுந்தாள். தொட்டில் அறையில் இருந்த ஒரே நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். "உட்காரு" என்றாள். இத்தனை நாள் அந்த வீட்டுக்கு வந்துபோனவள், அந்த வீட்டு நாற்காலி ஒன்றில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தாள். குழந்தையை அவள் மடியில் வைத்தார்கள். அது ஒரு தடவை முகத்தைச் சுளித்துவிட்டு, அவள் முழங்கையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு தூங்கிப்போனது.

சாக்ஸக்காவுக்கு எலி வேலைக்கு நேரமாகிவிட்டது. மின்னல் எழுந்திருக்க அவசரப்படவில்லை. இவரும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.